1989-க்கு முன்னால் சிங்கப்பூரில் உள்ளரங்கமே இல்லையா?

3 ஜூன் 2025, இரவு. வாசகர் ஒருவரின் கேள்வி

"காலாங் உள்விளையாட்டரங்கத்துக்குப் பதிலாக 18,000 பேர் உட்காரும் புது அரங்கம் வரப்போகிறது. அதற்குள் பழையதைப் பற்றி ஆளாளுக்கு உருகுகிறார்கள். 1989-இல் கட்டியது, 35 வயதுதான் ஆகிறது. அதற்கு முன்னால் சிங்கப்பூரில் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஆட்டம் பார்க்க இடமே கிடையாது. இதில் என்ன பெரிய வரலாறு இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

4 ஜூன், காலை

இடமே கிடையாது என்பது தவறு தம்பி. அந்த மாதிரி இடங்களின் வாசலில் நின்று கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகைகள்) விற்றுத்தான் என் அப்பா எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தார்.

கேலாங்கில் ஹேப்பி வேர்ல்டு என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1937-இல் திறந்தார்கள். பின்னாளில் அதன் பெயர் கே வேர்ல்டு ஆனது. உள்ளே சினிமா, நடன மேடை, கடைகள், நடுவே கூரை போட்ட ஓர் அரங்கம். கூடைப்பந்து, குத்துச்சண்டை, மல்யுத்தம், பூப்பந்து (பேட்மிண்டன்) எல்லாம் அங்கேதான். அதிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கில்லிமார்ட் ரோடு. அங்கே 1952-இல் பூப்பந்து மண்டபம் கட்டினார்கள். இந்த இரண்டும்தான் என் அப்பாவின் வியாபார இடங்கள். தலையில் பலகைத் தட்டு, அதில் வரிசையாக டின்கள்: வறுகடலை, கொண்டைக்கடலை, பட்டாணி, முறுக்கு. பழைய நோட்டுத் தாளைக் கூம்பாகச் சுருட்டி அள்ளிக் கொடுப்பார். 10 காசு.

1955-இல் நாடுகளுக்கு இடையிலான தாமஸ் கிண்ணப் பூப்பந்துப் போட்டி கில்லிமார்ட் ரோட்டில் நடந்தபோது கூட்டம் சோர்ந்துபோய், விற்காத கடலையோடு அப்பா வீடு திரும்பினார் என்று வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறேன். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழு கே வேர்ல்டில் பாடியபோதும் வாசலில் நின்றார்.

4 ஜூன், இரவு

இரண்டு திருத்தங்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸ் பாடியது கே வேர்ல்டில் இல்லை, பூப்பந்து மண்டபத்தில். 1965 பிப்ரவரி 16. பிடோக்கிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், அவர் சொல்வதே சரி. அப்போது எனக்கு 8 வயது. அப்பா இரண்டு வாசலிலும் நின்றவர் என்பதால் என் தலைக்குள் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இன்னொன்று அக்கா திருத்தியது. நான் எழுதியதைப் பேத்தி அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். உடனே தொலைபேசியில் பிடித்துவிட்டார். "1955-இல் மலாயா ஜெயித்ததுடா. ஜெயித்த அன்றைக்கு எப்படிக் கடலை மிஞ்சும்?"

சரிதான். 1955-இல் மலாயா டென்மார்க்கை 8-1 என்று வென்றது. வோங் பெங் சூன் ஆடிய காலம். ஆல் இங்கிலாந்து பூப்பந்து ஒற்றையர் பட்டத்தை 1950, 1951, 1952, அப்புறம் 1955 என நான்கு முறை வென்றவர். அப்பா ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர் இல்லை, உள்ளேயிருந்து வரும் சத்தத்தை வைத்தே கணக்குச் சொல்வார். கடலை மிஞ்சியது 1958-இல். இந்தோனேசியா 6-3 என்று வென்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போன ஆண்டு. அக்காவுக்கு அப்போது 8 வயது, நான் கைக்குழந்தை. மிஞ்சிய கடலையை மறுநாள் எங்கள் கம்பத்து (கிராமத்து)ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அம்மா பங்கு போட்டுக் கொடுத்தாராம். அக்காவுக்கு அது திருநாள் மாதிரி இருந்திருக்கிறது. அதனால்தான் ஆண்டு மறக்கவில்லை.

6 ஜூன்

தாமஸ் கிண்ணம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று தம்பி கேட்கிறார். அன்றைக்கு உலக அளவில் நம் பக்கத்து ஆட்கள் முதலிடத்தில் இருந்த விளையாட்டு அது. முதல் போட்டி 1949-இல் இங்கிலாந்தில் முடிந்தது. மலாயா டென்மார்க்கை 8-1 என்று வென்றது. அந்த அணியில் சிங்கப்பூர் ஆட்டக்காரர்கள் உண்டு. வென்ற நாடு அடுத்த முறை தன் ஊரில் வைத்துக் கிண்ணத்தைக் காக்க வேண்டும். இறுதிச் சுற்றில் ஒற்றையர் 5, இரட்டையர் 4, ஆக 9 ஆட்டங்களை இரண்டு நாளில் ஆடுவார்கள். வெளியூர் அணிகள் வரும்போது காட்ட ஒரு மண்டபம் வேண்டாமா? கில்லிமார்ட் ரோட்டு மண்டபம் எழுந்தது அந்த வேகத்தில்தான்.

பூப்பந்துக்கென்றே ஒரு மண்டபம் கட்ட வேண்டும் என்ற எண்ணம் நமக்கு வந்ததே வென்ற ஒரு கிண்ணத்தால். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

7 ஜூன்

அந்த மண்டபத்தில் ஆட்டம் மட்டும் நடக்கவில்லை. 1962 செப்டம்பர் 1-ஆம் தேதி மலாயாவோடு இணைவது பற்றிப் பொது வாக்கெடுப்பு நடந்ததல்லவா, அந்த வாக்குகளை எண்ணியது அங்கேதான். வாக்குச் சீட்டில் மூன்று தேர்வுகள் இருந்தன, மூன்றும் இணைப்புக்கான வழிகள். வேண்டாம் என்று சொல்லக் கட்டம் இல்லை. எதையும் குறிக்காமல் போட்ட வெற்றுச் சீட்டுகளே கால் பங்கு அளவுக்கு வந்தன.

அன்றிரவு அப்பா வெகுநேரம் வாசலில் நின்றிருக்கிறார். ஆட்டத்துக்கு வரும் கூட்டம் வேறு, முடிவுக்குக் காத்திருக்கும் கூட்டம் வேறு என்பார். ஆட்டம் பார்க்க வந்தவன் கடலையைக் கொறித்துக்கொண்டே பேசுவான். அன்றைக்கு வந்தவர்கள் வாங்கிய பொட்டலத்தைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்களாம்.

1999-இல் அந்த மண்டபத்தை வரலாற்றுத் தலமாக அடையாளமிட்டார்கள்.

9 ஜூன்

தூரக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். ஹேப்பி வேர்ல்டு இருந்த இடம், பூப்பந்து மண்டபம், இப்போதைய உள்விளையாட்டரங்கம் மூன்றும் ஏறக்குறைய ஒரு மைலுக்குள் அடங்கிவிடுகின்றன. எம்ஆர்டி ரயிலின் வட்டப் பாதையில் மவுண்ட்பேட்டன் நிலையம், அடுத்தது ஸ்டேடியம் நிலையம். 1937-இலிருந்து இன்று வரை உள்ள கதை முழுக்க ஓர் எம்ஆர்டி நிறுத்தம்!

இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கேலாங் ரோட்டில் 1905-லிருந்தே டிராம் ஓடியது. 1926-க்குப் பிறகு டிராலி பஸ் வந்தது, 1962 வரை ஓடியது. வேலை முடித்தவன் சில காசு கொடுத்து ஏறி வரலாம். அந்தப் பக்கம் கடற்கரையை ஒட்டிக் காலாங் விமான நிலையம். அதுவும் 1937-இல் திறந்ததுதான். 1955-இல் அதை மூடி பாய லேபாருக்குப் போனார்கள். நகரத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய சமதளம் காலியானது. பிறகு 1973-இல் தேசிய விளையாட்டரங்கம், 1989-இல் உள்ளரங்கம். பக்கத்தில் மக்கள், கைக்கு எட்டிய போக்குவரத்து, காலி நிலம். மூன்றும் சேர்ந்தால் அரங்கம் வரும்.

10 ஜூன்

ஜாலான் புசாரில் நியூ வேர்ல்டும் கிம் செங் ரோட்டில் கிரேட் வேர்ல்டும் இல்லையா, அங்கே மல்யுத்தம் நடக்கவில்லையா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நியூ வேர்ல்டு 1923, கிரேட் வேர்ல்டு 1931. மூன்றில் கடைசியாக வந்ததுதான் ஹேப்பி வேர்ல்டு. தாரா சிங் 1940-களின் கடைசியில் சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்து, டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே மல்யுத்தம் பழகியது கிரேட் வேர்ல்டில். கிங் காங் என்று பெயர் வாங்கிய ஹங்கேரிக்காரர் எமில் சாஜாவும் இந்த வட்டாரத்தின் மேடைகளில் மோதியவர். 1970-இல் சாலை விபத்துக்குப் பிறகு சிங்கப்பூரிலேயே இறந்தார். நியூ வேர்ல்டு சிராங்கூன் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம், நம் ஆட்கள் அதிகம் போனதும் அங்கேதான். இன்றைக்கு அந்த இடத்தில் சிட்டி ஸ்குவேர் மால் நிற்கிறது.

ஆகவே ஒரு மைல் கணக்கைச் சுருக்கிக்கொள்கிறேன். பெரிய போட்டிகள் நடந்த, கூரையுள்ள அரங்கங்களுக்கு மட்டும் அது பொருந்தும். மல்யுத்தத்துக்குப் பொருந்தாது. மல்யுத்தத்துக்கு ஒரு மேடையும் நாலு கயிறும் போதும். காற்று அடித்தாலும் கிங் காங் அசைய மாட்டார். பூப்பந்து அப்படி இல்லை, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

12 ஜூன்

நான் 40 வருஷம் ஏர்கான் வேலை பார்த்தவன். அதனால் இந்தக் குறிப்பு கொஞ்சம் நீளும்.

பூப்பந்தில் அடிக்கும் இறகுப்பந்தான ஷட்டில் ஒன்றின் எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராமுக்குள். 16 இறகுகள். அடித்த வேகத்தில் அம்பு மாதிரி போகும், பாதி வழியில் காற்று அதைப் பிடித்து நிறுத்திவிடும். இந்த ஆட்டத்தின் அழகே அதில்தான். ஆனால் பக்கவாட்டில் மெல்லிய காற்று வந்தால் போதும், கோட்டுக்குள் விழ வேண்டியது வெளியே விழும். அதனால்தான் பூப்பந்துக்கு மண்டபம் தேவை. கில்லிமார்ட் ரோட்டு மண்டபம் கட்டிய காலத்தில் குளிரூட்டல் கிடையாது. காற்று வரக்கூடாது, ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே இருக்கிறார்கள். வெக்கை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இடைவேளையில் வெளியே வருபவர்களின் சட்டை பிழிந்த துணி மாதிரி இருக்கும் என்று அக்கா சொல்கிறார். அப்பாவிடம் உப்புக் கடலைதான் முதலில் தீருமாம். வியர்த்த உடம்பு உப்பு கேட்கும் அல்லவா.

இப்போது உள்விளையாட்டரங்கத்துக்கு வாருங்கள். 12,000 பேர், உயரமான கூரை, முழுக்கக் குளிரூட்டல். வெக்கை போனது, ஆனால் காற்று திரும்பி வந்துவிட்டது. வெளியிலிருந்து வந்த காற்று இல்லை, நாமே ஊதுகிற காற்று. மேலிருந்து இறங்கும் குளிர்காற்றும் கூட்டத்தின் உடல் சூட்டில் மேலெழும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஓர் ஓட்டம் உண்டாகும். இருக்கைகள் காலியாக இருக்கும் காலை ஆட்டத்தில் அது ஒரு மாதிரி, அரங்கம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டத்தில் வேறு மாதிரி. சிங்கப்பூர் ஓப்பன் பூப்பந்துப் போட்டியில் ஆட வருபவர்கள் இந்தக் காற்றைப் பற்றிப் பேசாமல் போவதில்லை. கவனித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஆடும்போது பின்கோட்டுக்கு ஓங்கி அடிப்பார்கள், பக்கம் மாறியதும் அதே கை அடக்கி அடிக்கும். வேகத்தைச் சோதிக்க ஒரு முறை உண்டு. பின்கோட்டிலிருந்து கீழ்க்கையால் முழு வீச்சில் அடித்தால், எதிர்ப் பின்கோட்டுக்கு 530 மில்லிமீட்டரிலிருந்து 990 மில்லிமீட்டர் முன்னால் விழ வேண்டும். அந்த அளவில் விழும் ஷட்டில்தான் அன்றைய ஆட்டத்துக்கு.

புது அரங்கம் வடிவமைப்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. 18,000 பேரைக் குளிர்விக்கும் காற்றை இருக்கைகளுக்குக் கீழிருந்து மெதுவாக விடுங்கள், ஆடுகளத்தின் மேல் ஊதாதீர்கள். செலவு கூடும், பராமரிப்பும் கூடும். இருந்தாலும் தாமஸ் கிண்ணத்துக்காக மண்டபம் கட்டிய ஊர் இது.

13 ஜூன்

மேலே எழுதியதில் ஓர் அவசரம் இருக்கிறது. உள்விளையாட்டரங்கம் பூப்பந்துக்காக மட்டும் கட்டியது இல்லை. கச்சேரி, டென்னிஸ், சண்டைப் போட்டி, விருது விழா எல்லாவற்றுக்குமான கூடம் அது. 2014-லிருந்து 2018 வரை உலகின் முன்னணிப் பெண் டென்னிஸ் ஆட்டக்காரர்கள் ஆண்டு முடிவில் கூடிய இறுதிப் போட்டி அங்கே நடந்தது. முதல் ஆண்டு செரீனா வில்லியம்ஸ் வென்றார், 2017-இல் வோஸ்னியாக்கி. ஒன் சாம்பியன்ஷிப் சண்டைப் போட்டியின் முதல் நிகழ்ச்சி 2011 செப்டம்பர் 3-இல் அங்கேதான். 2004-லும் 2012-லும் இந்தித் திரையுலகின் ஐஃபா விருது விழாவும் அங்கே நடந்தது. எல்லாவற்றுக்கும் ஏற்ற கூடம் ஏதாவது ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். கட்டியவர்களைக் குறை சொன்னதுபோல் எழுதிவிட்டேன், அது என் எண்ணம் இல்லை.

14 ஜூன், பகல்

காற்பந்து ரசிகர்கள் எழுப்பிய காலாங் ரோர் என்ற ஆரவாரம் பற்றி யாரும் எழுதவில்லையே என்கிறார் ஒருவர். அந்த ஆரவாரம் பழைய தேசிய விளையாட்டரங்கத்துக்குச் சொந்தமானது, உள்ளரங்கத்துக்கு இல்லை. அந்தப் பழைய அரங்கம் 2007-இல் மூடப்பட்டது. இப்போது இருக்கும் வட்டக் கூரை அரங்கம் 2014-இல் வந்தது. அது வேறு கதை, தனி இழையாகத் தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

14 ஜூன், இரவு

கட்டடத்தைப் பற்றி. வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே. 1964 தோக்கியோ ஒலிம்பிக்சுக்காக யோயோகி உடற்பயிற்சிக் கூடத்தைக் கட்டியவர். கம்பிகளிலிருந்து தொங்கும் அந்தக் கூரையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1987-இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்றார். நம் நகர மையத்திலும் அவர் கட்டிய உயர்ந்த கோபுரங்கள் நிற்கின்றன. காலாங்கில் அவர் வைத்த கூரை நாலு பக்கமும் வளைந்து சரிந்து நடுவில் கூம்பி நிற்கும். 9 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவு. 1989 டிசம்பர் 31-இல் திறந்தார்கள்.

1990-களில் ஒருமுறை தமிழ்க் கலைநிகழ்ச்சிக்கு அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். நுழைவுச்சீட்டு விற்றவர்கள் ஒரே வரிசையை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் இடத்தில் ஏற்கெனவே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. கடைசியில் மேல் அடுக்கில் இடம் கொடுத்தார்கள். முட்டிவலிக்காரரை அத்தனை படி ஏற்றினேன். அன்றைக்கு நான் பட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. மேலே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம கடலைப் பொட்டலத்தைக் கவுத்துப் போட்ட மாதிரி இருக்குப்பா" என்றார். பிறகு தோள்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார், குளிர். அந்த வாசல்களில் அவ்வளவு காலம் நின்றவர் அரங்கத்துக்குள் சீட்டு வாங்கி உட்கார்ந்து நிகழ்ச்சி பார்த்தது அதுதான் முதல்முறை.

இதை எழுதத் தொடங்கும்போது இந்த இடத்துக்கு வருவேன் என்று நினைக்கவில்லை.

16 ஜூன்

தம்பி எழுதியிருக்கிறார்: "மாமா, இதில் என்ன பெரிய வரலாறு இருக்கிறது என்று கேட்டதற்கு மன்னிக்கவும்."

மன்னிப்பு எல்லாம் எதற்கு? கேட்டதால்தானே இத்தனையும் வெளியே வந்தது. கே வேர்ல்டு அரங்கம் 2000-ஐ ஒட்டிப் போனது. போகும்போது நானும் திரும்பிப் பார்க்கவில்லை, வேலை வேலை என்று ஓடிக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் அங்கே கூடைப்பந்து பார்த்திருக்கிறேன். மழை வந்தால் கூரைச் சத்தத்தில் நடுவரின் விசில் கேட்காது, ஆட்டக்காரர்கள் அவர் கையைப் பார்த்து நிற்பார்கள். அந்தக் கூரையை ஒரு படம் கூட எடுத்து வைக்கவில்லை. உள்விளையாட்டரங்கத்தையாவது இப்போதே எடுத்து வையுங்கள். வெளித்தோற்றம் எல்லாரிடமும் இருக்கும். படிக்கட்டு, நுழைவாயில், மேல் அடுக்கிலிருந்து கீழே தெரியும் ஆடுகளம், இவற்றை எடுங்கள்.

17 ஜூன்

பேத்தி கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். நானும் அவளும் அங்கே பார்த்த சிறந்த ஆட்டம் 2022 ஜூலை 17. சிங்கப்பூர் ஓப்பன் பெண்கள் இறுதியாட்டம், பி.வி. சிந்துவும் சீனாவின் வாங் சி யீயும். மூன்று செட் போனது. இரண்டாவது செட் கையைவிட்டுப் போனபோது பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா மூச்சுவிடாமல் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சிந்து வென்றதும் அந்த அம்மாதான் முதலில் எழுந்தார். அதற்கு முன் 2017-இல் ஆண்கள் இறுதியாட்டத்தில் இரண்டு பேருமே இந்தியர்கள், சாய் பிரணீத்தும் ஸ்ரீகாந்தும். பிரணீத் வென்றார். அதை நான் தவறவிட்டேன், அன்றைக்கு வேலை.

நம் ஊர்ப் பையன் லோ கியன் இயூ 2021-இல் உலகச் சாம்பியன் ஆனது ஸ்பெயினில். புது அரங்கத்தில் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூர் ஓப்பன் வெல்வதைப் பார்க்க வேண்டும், எனக்கு அந்த ஆசை இருக்கிறது.

19 ஜூன்

அந்த ஒரு மைலை நடந்து பார்ப்போமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். 21-ஆம் தேதி சனிக்கிழமை மாலை 5 மணி, மவுண்ட்பேட்டன் நிலையத்தின் வெளியே. குடை கொண்டு வாருங்கள். அக்காவும் வருகிறார், அவருக்கு 75 வயது, மெதுவாகத்தான் நடப்போம்.

22 ஜூன்

வந்தவர்கள் ஆறு பேர். கில்லிமார்ட் ரோட்டில் அக்கா ஓரிடத்தில் நின்று, அப்பா தட்டை இறக்கி வைத்த மரம் இங்கேதான் இருந்தது என்றார். இப்போது மரம் இல்லை, பேருந்து நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து உள்விளையாட்டரங்கத்துக்கு நடந்தோம். வழியில் இரண்டு முறை உட்கார்ந்தோம், ஒரு முறை கோப்பி குடித்தோம். எல்லாம் சேர்த்து 50 நிமிடம். அரங்கத்தில் ஏதோ கச்சேரி போல, சின்னப் பெண்கள் நூற்றுக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். வாசலில் பைகளைச் சோதித்து உணவு, தண்ணீர்ப் புட்டிகளை வெளியே வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா கைப்பையில் வறுகடலை வைத்திருந்தார். நாங்கள் உள்ளே போகவில்லையே, அதனால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வெளியே திட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தம்பிதான் அதிகம் சாப்பிட்டார்.